பாட்டுக்காரரின் குணத்தை யாரிடம் கேட்பது?

[காட்சி: இரவு. கோவில் பந்தல். வில்லில் கட்டிய மணிகள் மிக அருகில்.]

நாகர்கோவிலுக்குத் தெற்கே ஓர் ஊர். முத்தாரம்மன் கோவில் கொடைத் திருவிழா. இரவு இரண்டு மணி இருக்கும். வில்லுப்பாட்டுக்குச் சிறிது நேரம் இடைவேளை விட்டிருந்தார்கள். தலைமைப் பாடகரான புலவர், வில்லின் நாணை அடிக்கும் வீசுகோலைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். கமிட்டிக்காரர் ஒருவர் அவருக்கென்று தனியாகப் பெரிய டம்ளரில் சாயா கொண்டுவந்து நீட்டினார். புலவர் அதை வாங்கி அப்படியே குடம் அடிப்பவரிடம் கொடுத்தார். நாலு மணி நேரம் பத்தி என்னும் மட்டையால் குடத்தின் வாயை அடித்த கை அது. டம்ளரைப் பிடிக்கும்போது நடுங்கியது. புலவர் தன் விரல்களை டம்ளரின் அடியில் கொடுத்துத் தாங்கினார். முதல் மடக்கு உள்ளே இறங்கிய பிறகுதான் விரல்களை எடுத்தார்.

அன்று பாடிய கதையில் எனக்குப் பாதி மறந்துவிட்டது. அந்த விரல்கள் மறக்கவில்லை.

இந்த வீடியோவில் பேசப்போவது அதைப் பற்றித்தான். பாடுகிறவர்களையும் இசையமைக்கிறவர்களையும் பாட்டுக்காக மட்டும் நாம் கொண்டாடுவதில்லை. ‘எவ்வளவு தங்கமான மனிதர்!’ என்றும் சேர்த்துச் சொல்கிறோம். அப்படிச் சொல்வது எனக்குப் பிடிக்கும். ஒரு மனிதரின் நல்ல குணத்தைப் பார்த்து மனம் நெகிழ்வதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? ஆனால் எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறோம் என்று ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும். பெரும்பாலான நேரம் நாம் பார்ப்பது குணத்தை அல்ல. குரல் இனிமையாக இருக்கிறது, அவ்வளவுதான்.

[காட்சி: பழைய ராணுவப் புகைப்படம்.]

1920-இல் எட்வர்ட் தார்ன்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். ராணுவ அதிகாரிகள் தங்களுக்குக் கீழே உள்ளவர்களுக்கு உடற்கட்டு, அறிவு, தலைமைப் பண்பு, குணம் என்று தனித்தனியாக மதிப்பெண் போட்டிருந்தார்கள். அவர் அந்த மதிப்பெண்களை ஒப்பிட்டுப் பார்த்தார். உடற்கட்டில் அதிகம் வாங்கியவர் குணத்திலும் அதிகம் வாங்கியிருந்தார். உடம்புக்கும் குணத்துக்கும் அவ்வளவு நெருக்கம் இருக்க முடியாது. ஒன்றில் கண்ட ஒளி மற்ற எல்லாவற்றின் மீதும் படிந்துவிட்டது. ஒளிவட்ட விளைவு என்று இதைச் சொல்கிறார்கள்.

இசையில் இந்த ஒளி இன்னும் கூடுதலாக அடிக்கும். பாட்டு காதுக்குள் வந்து, நமக்கு மட்டும் பாடுவதுபோலக் கேட்கிறது. தாய் இறந்த வாரத்தில் ஒரு பாட்டைக் கேட்டு அழுதிருப்போம். அந்தக் குரல் நம் வீட்டுத் துக்கத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டுப் போன மனிதராகவே ஆகிவிடுகிறது. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வருகிறவர்களோடு நேயர்களுக்கு ஏற்படும் இந்த ஒருவழி நெருக்கத்தைப் பற்றி டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இருவர் 1956-லேயே எழுதிவிட்டார்கள். அன்று ஒரு பெட்டி, இன்று கைப்பேசி. நெருக்கம் கூடியிருக்கிறது. வழி ஒன்றுதான்.

[காட்சி: பழைய திரையரங்க வாசல்.]

நம் ஊர்க் கதை ஒன்றைச் சொல்கிறேன். 1944 தீபாவளிக்கு ‘ஹரிதாஸ்’ வெளிவந்தது. எம். கே. தியாகராஜ பாகவதர் கதாநாயகன். சிற்றின்பத்தில் திளைத்தவன் மனம் திருந்திப் பக்தனாகும் கதை. சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. படம் வந்த சில வாரங்களில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கு. பாகவதர் கைது செய்யப்பட்டார். கூடவே கைதானவர் அதே படத்தில் நடித்திருந்த என். எஸ். கிருஷ்ணன், நம் நாகர்கோவில் ஒழுகினசேரிக்காரர். அதாவது, திரையில் பாகவதர் மனமுருகிப் பாடிக்கொண்டிருந்தார். அரங்கம் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது. பாடியவர் சிறையில் இருந்தார். 1947-இல்தான் இருவரும் விடுதலையானார்கள்.

அந்த அரங்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு உண்மை எப்படித் தெரியும்? அவரிடம் இருந்தது குரல் ஒன்றுதான். குரலை வைத்து ‘இவர் செய்திருக்கவே மாட்டார்’ என்று ஒருவர் சத்தியம் செய்திருக்கலாம். அதே குரலைக் கேட்டு, ‘இப்படிப் பாடிவிட்டு இப்படிச் செய்தாரா’ என்று இன்னொருவர் கொதித்திருக்கலாம். இரண்டு பேருக்கும் கையில் சாட்சி இல்லை.

கலைவாணர் கிருஷ்ணன் விஷயத்தில் சாட்சி இருந்தது. வில்லுப்பாட்டில் வளர்ந்தவர் அவர். காந்தியின் வாழ்க்கையையே வில்லில் ஏற்றி, நம் ஊர்க் கொடைப் பந்தலில் கிடந்த கலையைத் தமிழ்நாடு முழுவதும் கேட்கவைத்தார். சம்பாதித்ததைக் கொடுத்துக்கொண்டே இருந்தார். வாங்கியவர்கள் சொன்னார்கள்; வாங்கியவர்களின் பிள்ளைகள் சொன்னார்கள். 1957-இல் அவர் மறைந்து இவ்வளவு காலம் ஆகியும் ஒழுகினசேரிப் பக்கம் அவர் பெயரைச் சொன்னால், நகைச்சுவைக்கு முன்னால் கொடைதான் பேச்சில் வரும்.

குணத்துக்குச் சாட்சி பக்கத்தில் நின்றவர்கள்தான். ரசிகர்கள் தூரத்தில் நின்றவர்கள்.

[காட்சி: நாகர்கோவில், கிருஷ்ணன்கோவில் பகுதித் தெரு.]

கே. வி. மகாதேவனைப் பற்றி நிதானமாகப் பேச விரும்புகிறேன். 1918-இல் இந்தக் கிருஷ்ணன்கோவிலில் பிறந்தவர். நூற்றுக்கணக்கான தமிழ், தெலுங்குப் படங்களுக்கு இசையமைத்தவர். இசையமைப்பாளருக்கான தேசிய விருது 1967-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் தொடங்கியது. முதல் விருது ‘கந்தன் கருணை’க்காக இவருக்கு. திரையுலகில் எல்லாருக்கும் இவர் ‘மாமா’.

இசையமைப்பில் இரண்டு வழி உண்டு. மெட்டை முதலில் போட்டு, சொற்கள் இல்லாமல் ‘தத்தன’ என்று தத்தகாரத்தில் பாடிக் காட்டுவது ஒன்று. கவிஞர் அந்த அளவுக்குள் சொற்களை அடைக்க வேண்டும். பாட்டை முதலில் வாங்கி அதற்கு மெட்டுப் போடுவது மற்றொன்று. மகாதேவன் பெரும்பாலும் இரண்டாவது வழியில் போனவர். கவிஞர் எழுதிய தாளைக் கையில் வாங்கி, அந்த வரி தானாக எப்படி மூச்சு விடுகிறதோ அந்த வழியில் ராகத்தை நடத்தினார். அதனால்தான் அவர் பாடல்களில் நெடில் நெடிலாகவும் குறில் குறிலாகவும் நிற்கின்றன. தமிழாசிரியர் வகுப்பில் வாசித்தால் எங்கே நிறுத்துவாரோ, பாட்டும் அங்கே நிற்கிறது.

இதை வைத்து அவர் பணிவானவர் என்று தீர்ப்பு எழுதலாமா? எழுத மாட்டேன். இது தொழில்முறை. சிடுமூஞ்சிக்காரர்கூட இப்படி வேலை செய்யலாம். நான் பிடித்துக்கொள்ளும் சாட்சி வேறு. அதன் பெயர் புகழேந்தி.

புகழேந்தி மகாதேவனின் உதவியாளர். கேரளத்துக்காரர். மலையாளத்தில் தனியாகப் படங்களுக்கு இசையமைக்கும் அளவுக்குத் திறமை உள்ளவர். அப்படிப்பட்ட ஒருவர் பல பத்தாண்டுகள் மகாதேவனை விட்டுப் போகவில்லை. திரையுலகில் உதவியாளர்கள் எப்படிக் காணாமல் போவார்கள் என்று நமக்குத் தெரியும். இங்கே ‘மகாதேவன்’ என்று சொன்னால் ‘புகழேந்தி’ என்று மறுமூச்சில் வரும். பிரித்துச் சொல்ல யாருக்கும் வராது. ‘சங்கராபரணம்’ படத்துக்குக் கர்நாடக இசைப் பயிற்சி இல்லாத எஸ். பி. பாலசுப்ரமணியம் தயங்கியதும், புகழேந்தி தைரியம் சொல்லிப் பயிற்சி கொடுத்ததும், அந்தப் படம் மகாதேவனுக்கும் பாடகருக்கும் தேசிய விருது வாங்கித் தந்ததும் இசைப் பிரியர்கள் அறிந்தவை. உதவியாளரின் உழைப்பு உலகத்துக்குத் தெரிந்திருக்கிறது என்றால், அதை மூடி மறைக்காத ஒருவர் மேலே இருந்திருக்கிறார். என் வணக்கம் அதற்குத்தான்.

எம். எஸ். விஸ்வநாதனிடமும் இதே வகைச் சாட்சி உண்டு. தொடக்க காலத்தில் தனக்கு இடம் கொடுத்த எஸ். எம். சுப்பையா நாயுடுவை, முதுமையில் தன்னோடு வைத்துப் பார்த்துக்கொண்டார். எம். எஸ். சுப்புலட்சுமி வெங்கடேச சுப்ரபாத இசைத்தட்டின் உரிமைத்தொகையைத் திருப்பதி தேவஸ்தானத்தின் வேத பாடசாலைக்கு எழுதிக்கொடுத்தார். இவை செய்த செயல்கள். யாரும் கண்ணை மூடிக்கொண்டு ஊகிக்க வேண்டியதில்லை.

[காட்சி: நாதஸ்வரம். அதன் விரிந்த வாயான அணைசு அருகில்.]

இனி, எனக்கு மிகவும் உறுத்தும் இடம். நல்ல குணம் என்றால் நாம் உடனே பணிவைத்தான் சொல்கிறோம். ‘இவ்வளவு பெரிய வித்வான், எவ்வளவு அடக்கம் பாருங்கள்!’ இந்த அளவுகோலால் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையை அளந்தால் அவர் தோற்றுப்போவார். கர்வி, முன்கோபி என்று அவரைப் பற்றிய பேச்சுக்குக் குறைவில்லை. கிராப்புத் தலை, ஷெர்வானி.

ஆனால் அவர் காலத்து நாதஸ்வரக்காரர்களின் நிலையைப் பாருங்கள். மேல்சட்டை கூடாது. துண்டு தோளில் கிடக்கக் கூடாது, இடுப்பில் இருக்க வேண்டும். வாய்ப்பாட்டுக்காரர் மேடையில் உட்கார்ந்து பாடுவார். இவர்கள் நின்றபடியோ நடந்தபடியோ வாசிக்க வேண்டும். ராஜரத்தினம் பிள்ளை சட்டை போட்டுக்கொண்டு மேடையில் உட்கார்ந்து வாசித்தார்.

கன்னியாகுமரி மாவட்டத்துக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தோளில் துணி போடுவதற்காக இந்த மண்ணில் பெண்கள் அடி வாங்கியிருக்கிறார்கள். 1822-இல் கல்குளம் பக்கம் தொடங்கிய தோள்சீலைப் போராட்டம், 1859-இல் திருவிதாங்கூர் அரசர் ஆணை பிறப்பிக்கும்வரை போனது. தோளில் துணி போட்ட பெண்ணை அன்று மேல்சாதிக்காரர்கள் என்ன சொல்லியிருப்பார்கள்? ‘திமிர்’ என்றுதான். எங்கள் ஊரில் அந்தச் சொல்லை நான் எளிதில் நம்ப மாட்டேன். ராஜரத்தினம் பிள்ளையின் கர்வத்தில் எவ்வளவு அவருடைய சொந்தக் குறை, எவ்வளவு ஒரு சமூகத்தின் முதுகெலும்பு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. அவருக்குப் பின் வந்த நாதஸ்வரக்காரர்கள் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்து வாசிக்கிறார்கள். அது கண் முன்னால் இருக்கிறது.

யாரிடம் நாம் அடக்கத்தை எதிர்பார்க்கிறோம், யாருடைய ஆணவத்தை ‘மேதைமை’ என்று பொறுத்துக்கொள்கிறோம் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

[காட்சி: காலியான சபா மேடை.]

மறுபக்கமும் உண்டு. 2018-இல் பெண்கள் தங்களுக்கு நேர்ந்த பாலியல் தொல்லைகளை வெளியே சொல்லத் தொடங்கியபோது, சென்னை மியூசிக் அகாடமி அந்த ஆண்டு மார்கழி நிகழ்ச்சிகளிலிருந்து ஏழு கலைஞர்களை விலக்கியது. ‘அவ்வளவு அருமையாகப் பாடுகிறவர் அப்படிச் செய்வாரா?’ என்று ரசிகர்கள் கேட்டார்கள். தார்ன்டைக்கின் அதிகாரிகள் செய்த அதே பிழை. குருவின் வீட்டுக் கதவுக்கு உள்ளே நடப்பது மூன்றாம் வரிசை நாற்காலிக்குத் தெரியாது. சொல்கிறவரின் பேச்சைக் கேட்காமல், வித்வானின் ஆலாபனையைச் சாட்சிக்கு அழைப்பது அநியாயம்.

அப்படியானால் அவர்கள் பாட்டைக் கேட்கலாமா? ஆளாளுக்கு ஒரு முடிவு இருக்கும். பாட்டு பிடித்திருந்தது உண்மை என்றால், அதை இல்லையென்று நான் பொய் சொல்வதில்லை. ஆனால் அந்த மேடைக்கு டிக்கெட் வாங்க மாட்டேன், அந்தக் காலில் விழ மாட்டேன்.

[காட்சி: விடிகாலை. பஸ் நிறுத்தம்.]

அந்தக் கொடைக்கு மறுநாள் காலையில் புலவரையும் குடம் அடித்தவரையும் பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். புலவர் சற்றுத் தள்ளி நின்று யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். நான் மற்றவரின் பக்கத்தில் போய் நின்றேன்.

“இவரோடு எத்தனை வருடம் ஐயா?”

“பத்தொன்பது வருடம் ஆகிறது, மக்களே.”

“வேறு செட்டில் கூப்பிட்டிருப்பார்களே?”

“கூப்பிட்டார்கள். கூடுதலாகத் தருகிறேன் என்றும் சொன்னார்கள்.” கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். உள்ளங்கை காய்த்துப்போயிருந்தது. “இவர் பணத்தை எங்கள் எல்லாருக்கும் முன்னால் வைத்துத்தான் எண்ணுவார்.”

பஸ் வந்தது. துணியில் சுற்றிய குடத்தை மடியில் வைத்துக்கொண்டு அவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். புலவர் பின்னாலேயே ஏறி, இரண்டு டிக்கெட் வாங்கினார்.