காய்ச்சல் எத்தனையாவது நாள்?

நேயர்களுக்கு வணக்கம். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் மதுரை லேப்களில் கூட்டம் கூடிவிடும். மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் காய்ச்சல்காரப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வருகிறார்கள். ரிப்போர்ட்டில் டெங்கு 'நெகட்டிவ்' என்று பார்த்ததும் நிம்மதியாக ஊர் திரும்பிவிடுகிறார்கள். அந்த நிம்மதிதான் எனக்குக் கவலை தருகிறது.

டெங்குவுக்குப் பெரும்பாலும் இரண்டு விதமாகப் பார்க்கிறோம். என்எஸ்1 பரிசோதனை, வைரஸ் ரத்தத்தில் விடும் புரதத்தைத் தேடுகிறது. காய்ச்சல் கண்ட முதல் நாளிலிருந்து சுமார் ஐந்தாம் நாள் வரை அது நன்றாக அகப்படும், அப்புறம் குறைந்துவிடும். ஐஜிஎம் பரிசோதனை, நம் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடுகிறது. அது உருவாகவே நாலைந்து நாள் ஆகும். ஆகவே இரண்டாம் நாளில் ஐஜிஎம் மட்டும் பார்த்தால், டெங்கு இருந்தாலும் 'நெகட்டிவ்' என்றே வரக்கூடும். எட்டாம் நாளில் என்எஸ்1 மட்டும் பார்த்தாலும் இதே கதைதான். ஏற்கெனவே ஒருமுறை டெங்கு வந்தவர்களுக்கோ, சரியான நாளில் பார்த்தும் என்எஸ்1 தப்பிவிடுவதுண்டு.

'பாசிட்டிவ்' என்று வந்தாலும் யோசிக்க வேண்டும். ஐஜிஎம் இரண்டு மூன்று மாதம் ரத்தத்தில் தங்கும். தீபாவளிக்கு வந்த டெங்கு, பொங்கலுக்கு வரும் வேறொரு காய்ச்சலிலும் தலைகாட்டலாம். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸும் டெங்கு வைரஸும் ஒரே குடும்பம் என்பதால், பரிசோதனை ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொள்வதும் நடக்கிறது.

கால் மணி நேரத்தில் முடிவு சொல்லும் கார்டு டெஸ்டை மட்டும் நம்பிவிடாதீர்கள். டெங்குவை உறுதிசெய்ய, லேபில் கருவி வைத்துப் பார்க்கும் எலிசா முறையைத்தான் அரசு வழிகாட்டுதல் சொல்கிறது. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) குறைவதும் டெங்குவுக்கு மட்டும் உரிய அடையாளம் இல்லை. வேறு பல காய்ச்சல்களிலும் குறையும்.

ரத்தம் கொடுக்கும்போது காய்ச்சல் எந்தத் தேதியில் தொடங்கியது என்பதை நீங்களாகவே சொல்லுங்கள். சீட்டில் எழுதியும் வாங்குங்கள். அது தெரியாமல் எந்த மருத்துவராலும் ரிப்போர்ட்டைச் சரியாகப் படிக்க முடியாது.

இன்னொன்று. டெங்குவில் ஆபத்து பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் வருகிறது. அப்போது கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், பிள்ளை துவண்டு கிடப்பது என்று எது தெரிந்தாலும் ‘ரிப்போர்ட்டில் டெங்கு இல்லையே’ என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். ராத்திரி என்றாலும் சரி, உடனே மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.