ரோந்து வண்டி வருவதற்கு முன்னால்

(பட்டிமன்றத் தலைப்பு: இரவில் தனியே நடப்பவரைப் பெரிதும் காப்பது ஊர் ஏற்பாடா, தன் விழிப்பா? 'தன் விழிப்பே' என்ற அணியின் உரை.)

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்த நேரத்திலும் எழுந்து போகாமல் கேட்டுக்கொண்டிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய சகோதரி தெருவிளக்கு வேண்டும், ரோந்து வேண்டும், கடுமையான சட்டம் வேண்டும் என்றார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார்: "ஜாக்கிரதையாக இரு என்று பெண்ணிடம் சொன்னால், நடந்த குற்றத்துக்கு அவளையே பொறுப்பாக்குவது ஆகாதா?" கைதட்டல் பலமாக வந்தது. நானும் தட்டினேன். அதற்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

குற்றம் செய்தவன்தான் குற்றவாளி. அவள் எத்தனை மணிக்கு வந்தாள், என்ன உடுத்தியிருந்தாள், ஏன் தனியாக வந்தாள் என்று கேட்பவர் எங்கள் அணியில் ஒருவரும் இல்லை. "ஆறு மணிக்கு மேல் வாசல் தாண்டாதே" என்று சொல்லவும் நாங்கள் வரவில்லை. நாங்கள் பேசுவது வாசல் தாண்டித்தான் ஆக வேண்டியவர்களைப் பற்றி. ஷிஃப்ட் முடிந்து வரும் செவிலியர், கடைசி பஸ்ஸில் வந்து இறங்கும் ஜவுளிக்கடைப் பெண், நடுராத்திரியில் மோட்டார் போட வயலுக்குப் போகும் விவசாயி, விடியுமுன் சந்தைக்குக் கிளம்பும் பூக்காரம்மா. இவர்கள் போகத்தான் போகிறார்கள். போகிற வழி முழுக்கக் கூடவே இருந்து காப்பது எது என்பதுதான் இன்றைய கேள்வி.

இரவில் நமக்கு ஆபத்து மனிதனால் மட்டும்தான் என்று எதிரணி முடிவு கட்டிவிட்டது. ரோட்டைப் பாருங்கள். 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம். அதில் 32,825 பேர் நடந்து போனவர்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். இது பகலும் இரவும் சேர்ந்த கணக்குதான். ஆனால் இருட்டில் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு ஓரமாக நடப்பவர், வண்டி மிகவும் கிட்டே வந்த பிறகுதான் டிரைவரின் கண்ணில் படுவார். நடைபாதை இல்லாத ரோட்டில் வலப்பக்கமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடந்தால் ஒதுங்குவதற்கு ஒரு வினாடியாவது கிடைக்கும். இடப்பக்கம் நடந்தால் வண்டி முதுகுக்குப் பின்னால் வரும். வெளிர் நிறச் சட்டையும் கையில் எரியும் ஒரு டார்ச்சும் போதும், டிரைவருக்குத் தூரத்திலேயே தெரிந்துவிடும். இதற்கெல்லாம் அரசாணை எதுவும் வேண்டியதில்லை.

கிராமத்துப் பக்கம் வாருங்கள். பாம்புக்கடியால் இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்திருக்கிறார்கள் என்று, 2000 முதல் 2019 வரையிலான இறப்புகளை ஆராய்ந்த ஓர் ஆய்வு சொல்கிறது. வரப்பில் போகிறவர் அஞ்ச வேண்டியது கண்ணாடி விரியன். சருகோடு சருகாகச் சுருண்டு கிடக்கும். மிதித்த பிறகுதான் பலருக்குத் தெரிகிறது. வரப்புக்கு வரப்பு விளக்குக் கம்பம் நட எந்த அரசாலும் முடியாது. டார்ச்சைத் தூரத்தில் அடிக்காமல் அடுத்த காலடி விழும் இடத்தில் அடித்து, கம்பால் தரையைத் தட்டிக்கொண்டே போகிறாரே ஒரு விவசாயி, அவரைக் காப்பது யார், சொல்லுங்கள்?

சரி, விளக்குக்கு வருவோம். விளக்கு வேண்டும், அதில் உங்களோடு எங்களுக்குச் சண்டையே இல்லை. ஆனால் கண் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு வந்தால் கண் நன்றாகப் பழகுவதற்கு இருபது முப்பது நிமிடம் பிடிக்கும். அப்படிப் பழகின கண்ணைக் கெடுக்கப் பளிச்சென்ற ஒரு போன் திரை போதும். நடந்துகொண்டே போன் பார்ப்பவர் சட்டென்று தலையை நிமிர்த்தினால் எதிரே இருப்பது ஒன்றும் தெரியாது. அந்த இருட்டில் மூடி இல்லாத வடிகால் இருக்கலாம், குட்டியோடு படுத்திருக்கும் நாய் இருக்கலாம், சுவரோரம் ஒருவன் நிற்கலாம். காதும் அப்படித்தான். பின்னால் வரும் பைக்கின் சத்தம் நம்மை நெருங்கும்போது திடீரென்று குறைகிறதென்றால், கழுத்துச் சங்கிலியைச் சேலைக்குள் விட்டு, வீட்டுச் சுவர்ப் பக்கம் ஒதுங்க வேண்டிய நேரம் அது. இரண்டு காதிலும் பாட்டு ஓடினால் அந்தச் சத்தம் எங்கே கேட்கும்? தெரு முழுக்க விளக்கு எரிந்தாலும் திரையிலேயே கண்ணை வைத்திருப்பவருக்கு அது உதவாது.

எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு பெண், செவிலியர். இரவு பத்தரைக்கு பஸ்ஸில் இறங்கி நடந்து வந்திருக்கிறாள். பின்னால் செருப்புச் சத்தம். இவள் மெதுவாக நடந்தால் அதுவும் மெதுவாகிறது. ஓடவில்லை. ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போனாள், அவனும் கடந்தான். கொஞ்ச தூரம் போய்த் திரும்பவும் இந்தப் பக்கம் வந்தாள், அவனும் வந்தான். அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. வீட்டுக்குப் போகும் சந்தில் திரும்பாமல், திறந்திருந்த மருந்துக்கடைக்குள் ஏறி, "அண்ணே, ஒருத்தன் பின்னாலேயே வர்றான், தம்பி வர்ற வரைக்கும் இங்கேயே நிக்கிறேன்" என்று வெளியே நிற்பவனுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். கடைக்காரர் கவுன்ட்டரைத் தாண்டி வாசலுக்கு வந்தார். அவன் நடையைக் கட்டிவிட்டான்.

இதில் நான் வியந்து பார்ப்பது, அவள் வீட்டுக்குப் போகாததைத்தான். பயந்தவுடன் எல்லாரும் வீட்டை நோக்கித்தான் ஓடுவோம். வீடு இருக்கும் சந்து இருட்டு, அதோடு அவனுக்கு வீடும் தெரிந்துபோகும். அதை அந்த நிமிடத்தில் அவள் யோசித்திருக்கிறாள். இன்னொன்று, அவள் வெட்கப்படவில்லை. நம் பெண்களில் பாதிப் பேர் "ஒருவேளை அவர் சும்மா அந்த வழியாக வருகிறவராக இருந்தால் என்ன நினைப்பார்" என்று தயங்கியே நடந்துகொண்டிருப்பார்கள். அப்படி ஒருவர் சும்மா வந்திருந்தால் அவருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

எதிரணித் தலைவர் 2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பஸ்ஸில் ஒரு மாணவிக்கு நடந்ததை நினைவுபடுத்தினார். அந்தக் கொடுமையின் முன்னால் எந்த விழிப்பைப் பற்றியும் பேச எனக்கு வாய் வராது. விழித்திருந்தவர்களுக்கும் ஆபத்து நேர்ந்திருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். தலைப்பில் 'பெரிதும்' என்றுதான் இருக்கிறது, 'எப்போதும்' என்று இல்லை. ஆனால் அதற்குப் பிறகு, 2013-ல் வந்த சட்டத்திருத்தத்தைப் பாருங்கள். விருப்பமில்லை என்று ஒரு பெண் தெளிவாகக் காட்டிய பிறகும் திரும்பத் திரும்பப் பின்தொடர்ந்து பேச்சுக் கொடுக்க முயன்றால் குற்றம். இப்போது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 78-வது பிரிவு. நல்ல சட்டம். ஆனால் பின்னால் ஒருவன் வருகிறான் என்பது முதலில் யாருக்குத் தெரிய வேண்டும்? வேண்டாம் என்று யார் சொல்ல வேண்டும்? அவளுடைய கவனத்திலிருந்துதான் அந்தச் சட்டமே நடக்க ஆரம்பிக்கிறது.

அவசர உதவிக்கு 112 இருக்கிறது, பெண்கள் உதவிக்கு 181 இருக்கிறது, போலீஸின் காவல் உதவி செயலி இருக்கிறது என்றார்கள். இருக்கட்டும், எல்லாவற்றையும் போனில் வையுங்கள். அழைத்ததும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எங்கே இருக்கிறீர்கள்?" பதறிப்போய் "இங்கேதான், ரோட்டில்" என்றால் வண்டியை எங்கே அனுப்புவார்கள்? பழகாத தெரு என்றால் கடைப் பலகையின் கடைசி வரியைப் படித்தபடி நடங்கள், தெருப் பெயர் அதில்தான் இருக்கும். அவசர அழைப்புக்குச் சில போன்களில் பவர் பட்டனை மூன்று முறை அழுத்த வேண்டும், சிலவற்றில் ஐந்து முறை. உங்கள் போனில் எப்படி என்பதை வீட்டில் உட்கார்ந்து இன்றைக்கே பார்த்து வைக்க வேண்டும். இருட்டில், கை நடுங்கும்போது தேடக் கூடாது. அப்புறம், போலீஸ் எவ்வளவு வேகமாகக் கிளம்பினாலும் வந்து சேரச் சில நிமிடமாவது ஆகும். அந்தச் சில நிமிடத்துக்கு அந்த மருந்துக்கடை மாதிரி ஓர் இடம் தெரிந்திருக்க வேண்டும். நாம் நடக்கும் வழியில் எந்தக் கடை எத்தனை மணி வரை திறந்திருக்கும், எந்த ஏடிஎம்மில் காவலாளி உட்கார்ந்திருப்பார், எந்த வீட்டுத் திண்ணையில் பெரியவர் தூங்காமல் இருப்பார் என்பதை எந்தச் செயலியும் சொல்லித் தராது.

கடைசியாக ஒன்று. "நள்ளிரவு ஒரு மணிக்கும் பயமில்லாமல் நடக்கும் ஊர் வேண்டும்" என்றார் சகோதரி. எனக்கும் அதே ஊர்தான் வேண்டும். அந்த ஊரை யார் கேட்டு வாங்குவது? சென்னையில் தெருவிளக்கு எரியவில்லை என்றால் மாநகராட்சியின் புகார் எண் 1913-க்குச் சொல்லலாம். ஆனால் மூன்றாவது கம்பத்தில் விளக்கு போய் ஒரு வாரமாகிறது, அதற்குக் கீழேதான் நாலு பேர் உட்கார்ந்து குடிக்கிறார்கள் என்பது, மாலையே வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்பவருக்குத் தெரியாது. அந்த வழியாகத் தினமும் கண்ணைத் திறந்துகொண்டு நடந்து வருகிற ஜவுளிக்கடைப் பெண்ணுக்குத்தான் தெரியும். உங்கள் அணி கேட்கும் விளக்கும் அவள் போன் செய்தால்தான் எரியும், நடுவர் அவர்களே.

நன்றி, வணக்கம்.