கந்துவட்டியா, கைகொடுப்பா?

நடுவர் அவர்களே, அவையோரே! 'ஆப்பிரிக்காவில் சீனா, இந்தியா போன்ற புதிய வல்லரசுகளின் செல்வாக்கு கைகொடுக்கிறதா, கழுத்தை நெரிக்கிறதா?' என்பது தலைப்பு. கைகொடுக்கிறது என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் சீனாவைக் கந்துவட்டிக்காரர் என்றார். நல்ல கைதட்டல். நானும்தான் தட்டினேன்.

சரி, கணக்குக்கு வருவோம். 1965இல் ரொடீசியாவின், அதாவது இன்றைய ஜிம்பாப்வேயின், வெள்ளைச் சிறுபான்மை அரசு பிரிட்டனிடமிருந்து தன்னிச்சையாக விடுதலையை அறிவித்தது. மாட்டிக்கொண்டது பக்கத்து நாடான சாம்பியா. கடலே இல்லாத நாடு. பிழைப்பு செம்பில். அந்தச் செம்பு துறைமுகத்துக்குப் போகும் ரயிலோ ரொடீசியா வழியாக! தான்சானியாவின் தாருஸ்ஸலாம் துறைமுகத்துக்குப் புது ரயில்பாதை போடலாம் என்றால், அது கட்டுப்படியாகாது என்று உலக வங்கி முன்பே கைவிரித்திருந்தது. மேற்கு நாடுகளும் பணம் போடவில்லை. போட்டது, அன்று தானே ஏழையாக இருந்த சீனா. 1970இல் தொடங்கி ஐந்தே ஆண்டில் 1,860 கிலோமீட்டர். அதுவும் வட்டியில்லாக் கடன். வட்டியே வாங்காத கந்துவட்டிக்காரரை எதிரணி எந்த ஊரில் பார்த்தது?

அது மாவோ காலம், இப்போது கென்யாவைப் பார் என்பார்கள். பார்த்தேன். 2017இல் ஓடத் தொடங்கிய மொம்பாசா–நைரோபி ரயில் சீன வங்கிக் கடனில் வந்தது. இதற்கு வட்டி உண்டு. ஒப்பந்தத்தை மக்கள் கண்ணில் காட்டாமல் வருடக்கணக்கில் இழுத்தடித்தார்கள். அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் பூட்டி வைத்ததில் நைரோபிக்கும் பங்கு இருக்கிறதே, அந்தப் பழியையும் பீஜிங் தலையிலேயே கட்டுவானேன்?

அப்புறம், ரயிலை விடுங்கள், மாத்திரைக்கு வாருங்கள். எய்ட்ஸ் ஆப்பிரிக்காவில் ஊர் ஊராகக் காலி செய்துகொண்டிருந்த நேரம். நோயை அடக்கும் மூன்று மருந்துகளும் சேர்ந்து ஓர் ஆளுக்கு வருடத்துக்குச் சுமார் 10,000 டாலர். காப்புரிமை மேலைநாட்டுக் கம்பெனிகளின் கையில். 2001 பிப்ரவரியில் இந்தியாவின் சிப்லா, அதையே 350 டாலருக்குத் தருகிறேன் என்று 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பிடம் சொன்னது. நாளுக்கு ஒரு டாலருக்கும் கீழே! சிப்லா ஒன்றும் தர்மசத்திரம் இல்லை, வியாபாரம் செய்யும் கம்பெனிதான். இருக்கட்டுமே. ஒரே கடை இருந்த தெருவில் இரண்டாவது கடை திறந்தால் என்ன ஆகும் என்று நம் வீட்டு அம்மாக்களைக் கேளுங்கள். அடுத்த சில வாரங்களிலேயே பெரிய கம்பெனிகள் சிலவும் ஆப்பிரிக்காவுக்கு விலையை இறக்கின.

இதையும் கழுத்தை நெரித்தது என்றுதான் எழுதிக்கொள்ளப் போகிறார்களா, நடுவர் அவர்களே?