பீட்டில்ஸின் ‘1’: உள்ளே வந்த பாட்டும் வெளியே நின்ற பாட்டும்

வணக்கம் மக்களே! காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில், பழைய சாமான் கடைகளுக்கு நடுவே நின்று பேசுகிறேன். எனாமல் தூக்கு, தேக்குத் தூண் எல்லாம் தாண்டி உள்ளே போனால் ரெக்கார்டுக் கட்டும் கண்ணில் படும். இந்த ஊருக்கு இசைத்தட்டு புதுசு இல்லை. ஏவி.எம். மெய்யப்பச் செட்டியாரின் அப்பா இங்கே வைத்திருந்த கடையிலேயே கிராமபோன் தட்டு விற்றிருக்கிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பீட்டில்ஸ் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவின் ‘1’ தொகுப்பு. குழு பிரிந்து முப்பது வருஷம் கழித்து, 2000 நவம்பரில் வந்தது. பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ பாட்டுப் பட்டியலில் முதலிடம் பிடித்த சிங்கிள்களுக்கு (பக்கத்துக்கு ஒரு பாட்டு வரும் சின்னத் தட்டு) மட்டும்தான் இடம். மொத்தம் 27 பாட்டு, ஒரே சிடி.

பாட்டுகளைக் கால வரிசையில் அடுக்கியதுதான் இதன் பெரிய பலம். 1962-இல் ‘லவ் மீ டூ’: மவுத் ஆர்கனோடு எளிமையான ஒரு காதல் பாட்டு. நாலே வருஷத்தில் ‘எலினார் ரிக்பி’ வந்துவிடுகிறது. கிட்டாரும் இல்லை, டிரம்ஸும் இல்லை. வயலின், வயோலா, செலோ என்று எட்டுப் பேர் வாசிக்க, தனிமையில் செத்துப்போகும் ஒருத்தியின் கதை. அதே பையன்களா இவர்கள் என்று ஒவ்வொரு தடவையும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

ஆனால் முதலிடம் என்ற விதி சில நல்ல பாட்டுகளை வெளியே நிறுத்திவிட்டது. 1967-இல் ‘பென்னி லேன்’ ஒரு பக்கம், ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’ மறுபக்கம் என்று ஒரே தட்டு வந்தது. பிரிட்டனில் அதற்கு இரண்டாமிடம்தான். மேலே உட்கார்ந்திருந்தது எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க் பாடிய ‘ரிலீஸ் மீ’. அவர் பிறந்தது நம்ம மெட்ராஸில், 1936-இல்! அமெரிக்காவில் ‘பென்னி லேன்’ முதலிடம் பிடித்ததால் தொகுப்புக்குள் வந்தது. ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ்’ வெளியே நின்றது. என்னைக் கேட்டால் அவர்கள் செய்ததிலேயே உச்சம் அந்தப் பாட்டுதான்.

எனக்கு இன்னும் பெரிய வருத்தம் குழுவின் கிட்டார்காரர் ஜார்ஜ் ஹாரிசனுக்காக. 27-இல் அவர் எழுதியது ‘சம்திங்’ ஒன்றே ஒன்று. இருபதாவது பாட்டு ‘லேடி மடோனா’, 1968. அந்த சிங்கிளைத் திருப்பிப் போட்டால் ஜார்ஜின் ‘தி இன்னர் லைட்’. அந்த வருஷம் ஜனவரியில் அவர் பம்பாய்க்கு வந்து, நம் நாட்டுக் கலைஞர்களை ஷெனாய், சரோத் எல்லாம் வாசிக்க வைத்துப் பதிவு செய்த இசை அது. குரலை லண்டனில் சேர்த்தார்கள். பீட்டில்ஸ் சிங்கிள் ஒன்றில் ஜார்ஜ் எழுதிய பாட்டு இடம்பெற்றது அதுதான் முதல் தடவை. பின்பக்கத்தில் இருந்த அது முதலிடத்துக்கு வரவில்லை, ‘1’ மட்டும் கேட்டு வளர்ந்தவர்கள் காதுக்கும் போகவில்லை.

அதனால் ஒன்று செய்யுங்கள். ‘லேடி மடோனா’ முடிந்ததும் தொகுப்பை நிறுத்திவிட்டு ‘தி இன்னர் லைட்’ போட்டுக் கேளுங்கள். மூன்று நிமிஷம்கூட ஆகாது. அப்புறம் 21-ஆவது பாட்டுக்கு வாருங்கள்: ‘ஹே ஜூட்’, ஏழு நிமிஷத்துக்கும் மேலே. சத்தத்தைக் கூட்டி வையுங்கள்!