குழுவில் பெண்களையும் இளைஞர்களையும் சேர்த்தால் நன்கொடை கூடுமா?

அடுத்த கேள்வி கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து. "எங்கள் அறக்கட்டளையின் நிர்வாகக் குழுவில் ஒன்பது பேர். எல்லோருமே ஓய்வு பெற்ற ஆண்கள். பெண்களையும் இளைஞர்களையும் சேர்த்தால் நன்கொடை கூடும் என்கிறார்கள். உண்மையா?"

கூடும் ஐயா. ஆனால் பெயரை மட்டும் சேர்த்தால் கூடாது.

உங்கள் ரசீதுப் புத்தகத்தைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். ஐந்து வருடமாக அதே வீடுகள், அதே கடைகள்தானே? ஒன்பது பேருக்கும் பழக்கம் ஏறக்குறைய ஒரே ஆட்களோடுதான். மஞ்சக்குப்பத்தில் ஓர் ஆசிரியை, முதுநகரில் மீன் வியாபாரம் பார்க்கிற ஓர் அம்மா, சிப்காட்டில் வேலை செய்கிற ஒரு பையன் என்று வந்தால், நீங்கள் இதுவரை ஏறாத படிகளில் அவர்கள் ஏறுவார்கள். அமெரிக்காவில் 2018-இல் இந்தியானா பல்கலைக்கழகத்தினர் இதை ஆராய்ந்தார்கள். பெண்கள் கூடுதலாக இருந்த குழுக்களில் உறுப்பினர்கள் நிதி திரட்டுவதிலும் அதிகம் ஈடுபட்டிருந்தார்கள். பெண்கள் வந்ததால்தான் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நம்ம ஊரில் நான் பார்த்ததும் அதுதான்.

பணத்தைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. 2011 டிசம்பரில் தானே புயல் பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புகளைச் சாய்த்தது நினைவிருக்கும். அப்போது நான் இருந்த குழுவில் பாதிப் பேர் தோப்புக்காரர்கள். கூடிப் பேசி முந்திரிக் கன்று கொடுப்பது என்று தீர்மானம் போட்டோம். நல்ல எண்ணம்தான். ஆனால் கன்று காய்க்கவே மூன்று நான்கு வருடம் ஆகும். அதுவரை கொட்டை பொறுக்கியும் உடைத்தும் கூலி வாங்கிய பெண்கள் என்ன செய்வார்கள்? நிலமில்லாதவருக்குக் கன்று எதற்கு? எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. அந்தப் பெண்களில் ஒருவர் குழுவில் இருந்திருந்தால் முதல் கூட்டத்திலேயே கேட்டிருப்பார். இன்றைக்கும் எனக்கு அது உறுத்துகிறது.

அதனால், சேர்ப்பதென்றால் ஒருவரோடு நிறுத்தாதீர்கள். தனியாக உட்கார்ந்திருப்பவர் வாய் திறக்க மாட்டார். இரண்டு மூன்று பேராவது வேண்டும். இரவு ஏழரைக்குக் கூட்டம் வைத்துவிட்டு "அம்மா வருவதே இல்லை" என்று சொல்லக் கூடாது. மினிட் புத்தகத்தை வீட்டுக்கு அனுப்பிக் கையெழுத்து வாங்குவதை இன்றோடு விடுங்கள். அப்புறம், வந்த உடனே "எவ்வளவு வசூல் பண்ணித் தருவீர்கள்" என்று கேட்காதீர்கள். முதலில் வரவு செலவைக் காட்டுங்கள். பணம் எங்கே போகிறது என்று தெரியாதவர் இன்னொருவரிடம் போய் எந்த வாயால் கேட்பார்?

அறங்காவலராகவே சேர்ப்பதென்றால் உங்கள் பத்திரத்தில் அதற்கு என்ன வழி எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். அதற்குள் ஒரு கூட்டத்துக்கு அந்த மூன்று பேரையும் சும்மா வந்து உட்காரச் சொல்லுங்கள். அன்றைக்கு அவர்கள் பேசட்டும், ஒன்பது பேரும் கேளுங்கள்.