சாவைக் காட்டலாம், அழுகையைக் காட்டக் கூடாதா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் இருக்கும் பெரியவர்களே, "இது எப்போ முடியும்" என்று அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் சின்னவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

இழப்பையும் துக்கத்தையும் பேசும் படங்கள் இளையோருக்கு ஏற்றவையா, இல்லையா? ஏற்றவையே என்பது எங்கள் கட்சி. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் மூன்று காரணம் சொன்னார். பிஞ்சு மனம் தாங்காது, தூக்கம் கெடும். படம் மெதுவாக நகரும், பிள்ளைக்குப் புரியாது. எந்த வயதினர் பார்க்கலாம் என்று படத்துக்குக் கொடுக்கும் வயதுச் சான்றிதழ் என்று ஒன்று இருக்கிறதே, அதை மீறலாமா?

நடுவிலுள்ளதை முதலில் முடித்துவிடுகிறேன். மெதுவாக நகர்ந்தால் பிள்ளை தூங்கிவிடும். அதில் யாருக்கும் நஷ்டமில்லை.

சான்றிதழுக்கு வருவோம். 2016-இல் வந்த 'மான்செஸ்டர் பை தி ஸீ' என்ற அமெரிக்கப் படம். அண்ணன் இறந்துபோகிறார், அவருடைய 16 வயது மகனைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு தம்பி தலையில் விழுகிறது. அந்தத் தம்பியோ, தன் மூன்று குழந்தைகளை வீட்டுத் தீயில் பறிகொடுத்தவர். இதற்கு அங்கே 'ஆர்' சான்றிதழ் கொடுத்தார்கள். என்ன காரணம் எழுதினார்கள் தெரியுமா? படம் முழுக்க வரும் கெட்ட வார்த்தை, கொஞ்சம் பாலியல் காட்சி. மூன்று பிள்ளைகளை இழந்த தகப்பனைப் பற்றி அந்த வரியில் ஒரு சொல் கிடையாது! 2009-இல் வந்த 'அப்' என்ற அனிமேஷன் படத்தில், கணவன் மனைவியின் மொத்த வாழ்க்கையும், பிறக்காமல் போன பிள்ளையும், கடைசியில் மனைவியின் சாவும் முதல் சில நிமிடங்களிலேயே வந்துபோகின்றன. அதன் சான்றிதழில் எழுதியிருந்தது ஆபத்துக் காட்சிகளும் சாகசமும்தான். ஆக, எதிரணி தூக்கிப் பிடிக்கும் அந்தச் சான்றிதழ் இந்த இரண்டு படத்திலும் துக்கத்தை அளக்கவே இல்லை. வசவையும் ஆபத்தையும் எண்ணியது, அவ்வளவுதான்.

இன்னொன்று. 'ஆர்' என்றால் என்ன அர்த்தம்? 17 வயதுக்குக் கீழே இருந்தால் பெற்றோரோ பொறுப்பான பெரியவரோ கூட வர வேண்டும். பார்க்காதே என்று அது சொல்லவில்லை நடுவர் அவர்களே, தனியாகப் பார்க்காதே என்கிறது. எங்கள் அணி சொல்வதும் அதுதானே!

சரி, பிஞ்சு மனம். சாவு என்றால் என்ன என்பது சின்னக் குழந்தைக்குத் தெரியாது என்பது உண்மை. ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளை, போனவர் திரும்பி வருவார் என்றே பெரும்பாலும் நினைக்கும். ஆனால் ஒன்பது பத்து வயதுக்குள், போனவர் வரமாட்டார், எல்லோரும் ஒருநாள் போவார்கள் என்பது பெரும்பாலான பிள்ளைகளுக்குப் புரிந்துவிடுகிறது. நாம்தான் அப்போதும் "தாத்தா சாமிகிட்ட தூங்குறார்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். அதைக் கேட்ட குழந்தை ராத்திரி படுக்கவே பயப்படும். குழந்தைகளுக்கான மனநல நிபுணர்கள் தவிர்க்கச் சொல்வதே இந்தத் தூக்கக் கதையைத்தான். படத்தால் குழந்தையின் தூக்கம் கெடும் என்றாரே எதிரணித் தலைவர், நம் பேச்சால் கெடுகிற தூக்கத்துக்கு என்ன சொல்கிறார்?

சண்டைப் படத்துக்கு மட்டும் குடும்பத்தோடு கிளம்புகிறோம். கதாநாயகன் கணக்கில்லாமல் சுட்டுத் தள்ளுகிறான். விழுந்தவன் ஒருவனுக்கும் அம்மா கிடையாது, ஒருவன் வீட்டிலும் எழவு விழாது. அதைப் பார்த்துப் பிள்ளை கைதட்டினால் நமக்கும் சிரிப்பு. செத்தவனுக்காக ஒருத்தி அழுகிற படம் என்றால் மட்டும் டிவியை அணைக்கிறோம்.

நான் சொன்ன 'மான்செஸ்டர் பை தி ஸீ' படத்திலேயே ஒரு காட்சி. குளிர்காலம், மண் உறைந்து கிடக்கிறது, குழி தோண்ட முடியாது. வசந்தம் வரும்வரை அப்பாவின் உடலைக் குளிர்பெட்டியில் வைத்திருக்கிறார்கள். பையன் அழவில்லை. பாட்டுக் குழு ஒத்திகைக்குப் போகிறான், தோழிகளோடு சுற்றுகிறான். ஒருநாள் ராத்திரி வீட்டு ஃப்ரீசரைத் திறக்கிறான். உறைந்த இறைச்சிப் பொட்டலங்கள் சரிந்து விழுகின்றன. எடுத்து உள்ளே திணிக்கிறான், கதவு மூட மாட்டேன் என்கிறது. அங்கே உடைந்துபோகிறான். மூச்சு வாங்குகிறது. சித்தப்பாவுக்கு ஆறுதல் சொல்லத் தெரியவில்லை. வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார்.

இதைப் பார்த்த 15 வயதுப் பிள்ளை, அப்பா போன அடுத்த வாரமே வகுப்பில் சிரித்துப் பேசும் நண்பனைப் பார்த்து "இவனுக்குக் கவலையே இல்லை பாரேன்" என்று சொல்லுமா? சொல்லாது. இளையோரின் துக்கம் அப்படித்தான் விட்டு விட்டு வரும். இதை எந்த அறிவுரை வகுப்பில் சொல்லிக்கொடுக்க முடியும்?

அதற்காகப் பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தப் படத்தைப் போட்டுவிடாதீர்கள். தீயும் இருக்கிறது, தற்கொலை முயற்சியும் இருக்கிறது. அந்த வயதுக்கு வேறு படம் தேடலாம். வீட்டில் சமீபத்தில் சாவு விழுந்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும்: கதையில் என்ன வருகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, பார்க்கலாமா வேண்டாமா என்று பிள்ளையைக் கேளுங்கள், ரிமோட்டையும் அதன் கையில் கொடுங்கள். பாதியில் எழுந்து விளையாடப் போனால் போகட்டும். இவ்வளவு பக்குவம் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பக்குவம் வேண்டும் என்பதும் கூடாது என்பதும் ஒன்றா?

எதிரணியின் பயம் எனக்குப் புரிகிறது. அது படத்தைப் பற்றிய பயமே இல்லை. படம் முடிந்து விளக்கைப் போட்டதும், "அம்மா, நீயும் ஒருநாள் செத்துப்போவியா?" என்று பிள்ளை கேட்கும். நாம் முழிப்போம். அதற்குத்தான் இவ்வளவு வாதமும். நடுவர் மணி மேல் கை வைத்துவிட்டார், முடித்துவிடுகிறேன் ஐயா. அடுத்துப் பேச வரும் அம்மையாரிடம் ஒன்றுதான் கேட்கிறேன். அந்தப் பிள்ளைக்கு என்ன பதில் சொல்வீர்கள் என்று முதலில் இந்த மேடையில் சொல்லுங்கள். அப்புறம் படம் கூடாது என்று வாதாடுங்கள்.

நன்றி, வணக்கம்.