குதிரையைத் தொடுகிற கை யாருடையது?

நேயர்களுக்கு வணக்கம். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பெரிய நிலமும் மாளிகையும் வைத்திருந்த பிரபுக்கள் தங்கள் குதிரைகளை ஓவியமாக வரையச் சொல்லி மாட்டிவைத்தார்கள். அந்தப் படங்களில் குதிரையின் அழகை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் கைகளைத் தேடுங்கள். குதிரையைத் தொடுவது யார் கை?

குதிரைப் படங்களுக்குப் பேர்போன ஆங்கில ஓவியர் ஜார்ஜ் ஸ்டப்ஸ் 1765 வாக்கில் வரைந்தது 'கிம்க்ராக்' என்ற பந்தயக் குதிரையின் படம். நியூமார்க்கெட் பந்தயத் திடல். தூரத்தில் கிம்க்ராக் முந்தி ஓடுகிறது. முன்னால் அதே குதிரை மறுபடியும், ஓடி முடித்து நிற்கிறது. லாயத்துப் பையன் குனிந்து அதன் உடம்பைத் தேய்த்துவிடுகிறான்.

ஏன் தேய்க்கணும்? வியர்த்த உடம்போடு காற்றில் நிறுத்தினால் குளிர் ஏறும், தசை இறுகும். மெதுவாக நடத்திவிட்டு, வைக்கோலை முறுக்கி உடம்பெல்லாம் அழுத்தித் தேய்த்து, துணியால் துடைத்து, போர்வை போடணும். வண்டிமாட்டை வைக்கோல் புரியால் தேய்த்தவர்களுக்கு இதை நான் சொல்லித்தரத் தேவையில்லை. சேணம் இருந்த இடத்தை விட்டுவிட்டால் வியர்வை உப்பாகக் காயும். மறுநாள் சேணம் உராய்ந்து புண் வரும். பிரபுவின் ஓய்வு நேரத்துக்கு வேறொருவர் செய்கிற வேலை இது.

ஸ்டப்ஸ் படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது 'ஹாம்பிள்டோனியன்' என்ற குதிரையின் படம். 1799 மார்ச் 25, நியூமார்க்கெட்டில் 'டயமண்ட்' என்ற குதிரையோடு போட்டி. பந்தயத் தொகை 3,000 கினி (அந்தக் காலத்து ஆங்கிலேயப் பொற்காசு). நாலு மைலுக்கு மேல் ஓட்டம். குதிரைக் கழுத்தில் பாதி நீள வித்தியாசத்தில் ஹாம்பிள்டோனியனுக்கு வெற்றி. சவுக்கும் ஓட்டுபவரின் குதிகால் முள்ளும் குதிரையைக் கிழித்திருந்தன. சொந்தக்காரர் சர் ஹென்றி வேன்-டெம்பஸ்ட் படம் கேட்டார். ஸ்டப்ஸோ வெற்றிக் கூட்டத்தை வரையவில்லை, சொந்தக்காரரையும் வரையவில்லை. களைத்த குதிரை, கடிவாளம் பிடித்த பயிற்சியாளர், கையில் துணியோடு, குதிரைமேல் கைபோட்டு நிற்கும் பையன். இருவரும் நேராக நம்மைப் பார்க்கிறார்கள்.

கால்களையும் சொல்லணும். ஒரே பக்கத்து முன்காலும் பின்காலும் சேர்ந்து தூக்கியிருக்கின்றன. நிற்கிற குதிரை அப்படித் தூக்கினால் சாய்ந்துவிடும். ஹார்க்ஸ்டோ கிராமத்தில் 18 மாதம் குதிரைகளை அறுத்துப் பார்த்து, 1766இல் உடற்கூற்றுப் புத்தகமே போட்டவர் ஸ்டப்ஸ். தெரியாமல் செய்திருப்பாரா? அந்தப் பையன்தான் தாங்கிப் பிடித்திருக்கிறான் என்றே எனக்குப் படுகிறது. ஆனால் பிரபுவிடம் பணம் வரவில்லை. ஸ்டப்ஸ் வழக்குப் போடவேண்டியிருந்தது.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். ஸ்டப்ஸ் வரைந்த மில்பேங்க், மெல்போர்ன் பிரபு குடும்பங்களின் படத்தை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன்: லண்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது, குடும்பத்தார் நால்வர், குதிரைகள் மூன்று, லாயத்து ஆள் ஒருவர்கூடக் கிடையாது. வணக்கம்.